கேட்காமல் போட்ட முக்காடு

எமெரிதா நகர், கன்னியர் மடம்
புனித யூலாலியா திருநாளுக்கு மறுநாள்

தியோதாவுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்குவதுதான் வழக்கம். இப்போதைக்கு அந்தச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம்.

எழுந்து உட்கார்ந்து எழுதும் அளவுக்கு உடம்பு தேறிவிட்டது. காய்ச்சல் விட்டுக் கண் திறந்தபோது நான் தொலேதோ அரண்மனையில் இல்லை. கல் சுவர், வைக்கோல் மெத்தை, எதிரே மரச் சிலுவை. தலையைத் தொட்டுப் பார்த்தேன். இடுப்புவரை இருந்த முடி காது மடலோடு நின்றிருந்தது. அதன் மேல் ஒரு முரட்டுத் துணி. துணிக்குள் ரொட்டித் துகள்கள். அவை எப்படி வந்தன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஒரு சகோதரி உட்கார்ந்திருந்தாள்.

"இதை யாரு போட்டா?" என்று கேட்டேன்.

"உங்க நாத்தனார்தாம்மா. சாகுறதுக்கு முன்னாடி முக்காடு வேணும்னு நீங்களே கேட்டீங்களாமே."

"நான் சாகலையே."

"அதாம்மா சிக்கலே. பொழச்சாலும் முக்காடு முக்காடுதான். கஞ்சியக் குடிங்க, ஆறிப் போகுது."

சட்டம் எனக்கும் தெரியும், தியோதா. சாகக் கிடப்பவர் தவக்கோலம் வேண்டும் என்று கேட்டால் முடியைக் கத்தரித்து முக்காடு போடுவார்கள். பிழைத்துக்கொண்டால் மிச்ச ஆயுள் முழுக்க மடம். ஆனால் கேட்க வேண்டும். வாய் திறந்து கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. காய்ச்சலில் நான் கேட்டது தண்ணீர்தான் என்று எனக்கே தெரியும்.

உன் அண்ணன் ரனிமிரைப் புதைத்த மண்கூட இன்னும் காய்ந்திருக்காது. அவர் அரசராக இருந்தவரை என்னைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. அவர் போன வாரத்திலேயே நீ வேலையை முடித்துவிட்டாய்.

ஏன் என்பதும் எனக்குத் தெரியும். தந்தை இல்லாத பெண்ணின் திருமணத்தை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு. முக்காடு போட்ட தாய் உலகத்துக்குச் செத்தவள். அப்போது அந்த உரிமை தந்தை வழிக்குப் போகும். தந்தை வழியில் மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். என் மகள் பால்தாவுக்குப் பதின்மூன்று வயது. அரசர் மகள். அவளை யார் கட்டுகிறானோ அவன் அரியணைக்குப் பாதி வழி வந்துவிட்ட மாதிரி. அவளை இப்போது உன் கையில் வைத்திருக்கிறாய்.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் ஆயர்கள் சபை தொலேதோவில் கூடுகிறது. அங்கே வந்து, அண்ணி கேட்கவில்லை என்று நீ சொல்ல வேண்டும். சொன்னால் முக்காடு விழும். என் மகளை நான் பார்த்துக்கொள்வேன். இது வேண்டுகோள் இல்லை.

இன்னும் சகோதரி ஆகாத,
குந்தசிந்தா


தொலேதோ
திருக்காட்சித் திருநாள்

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நீங்கள் தேறிவிட்டது அறிந்து மகிழ்ச்சி. பால்தா நலம். குளிருக்கு இரண்டு கம்பளிப் போர்வைகளும் தேனில் ஊறிய அத்திப்பழம் ஒரு ஜாடியும் இரண்டு ஊருக்கும் போய்வரும் உப்புக்காரியின் வண்டியில் அனுப்பியிருக்கிறேன்.

முக்காடு குறித்து எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மடத்தில் நன்றாக ஜெபியுங்கள்.

மடத்துத் தாய் பௌலினாவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை முதலில் படிக்கப்போவது அவர்தான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாயே, உங்கள் அண்ணன் மகன் சிசெமுந்துவும் நலமாகவே இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார்.

தியோதா


எமெரிதா
தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு

தியோதாவுக்கு,

போர்வைகளைச் சமையற்காரக் கிழவிகளுக்குக் கொடுத்துவிட்டேன். அத்திப்பழத்தைக் கோழிகளுக்குப் போட்டேன். அவையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

"ஜெபியுங்கள்." எனக்கு நீ எழுதியது அந்த ஒரு சொல்தான். பத்தொன்பது வயதில் நர்போனாவிலிருந்து நான் மணப்பெண்ணாக வந்து இறங்கியபோது, என் பேச்சைக் கேட்டு விருந்து மேசையில் சிரித்தவள் நீ. "அண்ணிக்குத் தொண்டையில மீன் முள்ளு சிக்கிருக்கு போல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய். அதையெல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இங்கே மறப்பதற்கு நேரம் இல்லை, நினைப்பதற்குத்தான் நேரம் கிடைக்கிறது.

உப்புக்காரியிடம் கிணற்றடியில் பேசினேன். அரண்மனைக் காவல் தலைவன் சிசெமுந்து உன் வீட்டில்தான் குடியிருக்கிறானாமே.

"தெனமும் அங்கதாம்மா சாப்பாடு. காலையில வர்றாரு, விளக்கு வெக்கிற வரைக்கும் எந்திரிக்கிறதில்ல. உங்க நாத்தனார் நிக்க நிக்கப் பரிமாறுறாங்க."

"பால்தா எங்கே?"

"பாப்பாவும் அங்கதான். அவரு முன்னாடி ஒக்காந்திருக்கு. தட்டையே பாத்துக்கிட்டு இருக்கும் பாவம்."

பிரபுக்களும் ஆயர்களும் கூடிப் புது அரசனைத் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்குகிறது. சிசெமுந்துவுக்குப் படை இருக்கிறது, குலம் இல்லை. குலம் என் மகளிடம் இருக்கிறது. நீ அதை அவன் தட்டில் பரிமாறிக்கொண்டிருக்கிறாய். இறந்தவர் உன் கூடப் பிறந்தவர்தானா, அல்லது அதிலும் எனக்குத் தெரியாத ஏதாவது கணக்கு இருக்கிறதா?

நான் மடத்துத் தாயிடம் போய்ச் சபைக்கு மனு எழுதச் சொன்னேன். அவர் செபமாலையை உருட்டிக்கொண்டே, "சாட்சி யாருன்னு போடட்டும், சகோதரி?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

குந்தசிந்தா


தொலேதோ
தவக்காலம், இரண்டாம் வாரம்

அண்ணி,

இந்தக் கடிதத்தைத் தாய் பௌலினா படிக்கட்டும். சாப்பாட்டு அறையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்கட்டும். இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது, அண்ணனுக்கு நான் கூடப் பிறந்தவள்தானா என்ற கேள்வி. இனி கட்ட மாட்டேன்.

நீங்கள் நினைவில்லாமல் கிடந்த அன்று காலை, உங்கள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் சிசெமுந்து உட்கார்ந்திருந்தான். கூட அவன் ஆட்கள் இரண்டு பேர். நான் கஞ்சியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவன் கையில் மோதிரம்.

"என்ன இது?" என்றேன்.

"நிச்சயம் பண்ணிக்கப் போறேன். உங்கண்ணிய."

"அவங்களுக்கு நெனவே இல்லையே."

"விரல் இருக்குல்ல."

அப்படித்தான் சொன்னான், அண்ணி. சொல்லிவிட்டு உங்கள் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தான். உங்கள் விரல் காய்ச்சலில் வீங்கியிருந்தது. மோதிரம் உள்ளே போகவில்லை. "எண்ணெய் கொண்டா" என்று ஒருவனை அனுப்பினான். மோதிரம் ஏறி, இரண்டு பேர் பார்த்துவிட்டால் நிச்சயம் முடிந்தது. நம் சட்டத்தில் அதை ஆயராலும் அவிழ்க்க முடியாது என்று உங்களுக்கே தெரியும். செத்த அரசனின் மனைவி கையில் இருந்தால் போதும், பிரபுக்கள் பாதிப் பேர் அவன் பக்கம் வந்துவிடுவார்கள்.

எனக்கு இருந்த நேரம், எண்ணெய்க்குப் போனவன் திரும்பும்வரைதான். விளக்குத் திரி வெட்டும் கத்தரி கைக்கு எட்டியது. உங்கள் முடியைப் பிடித்துக் கத்தரித்தேன். தட்டில் ரொட்டியை மூடியிருந்த துணியை உருவி உங்கள் தலையில் போட்டேன்.

"விடியக்காலையில அண்ணி முக்காடு கேட்டாங்க. நான் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். இப்ப அவங்க கர்த்தரோட பொண்ணு. தொட்ட கை வெந்து போகும்" என்றேன். அவன் கையை எடுத்துவிட்டான். பயல் சாமிக்கு மட்டும் பயப்படுவான். வாசலில் நின்ற கிழச் சாமியார் புரோகுலோ என் முகத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து ஆசீர்வதித்தார்.

ரொட்டித் துகள் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். இப்படித்தான் வந்தது.

அவன் என் வீட்டில் சாப்பிடுவது உண்மை. நீங்கள் கை நழுவிப் போனதும் இப்போது பால்தாவைக் கேட்கிறான். நான் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் வீட்டைச் சுற்றி நிற்கும் ஆட்கள் உள்ளே வருவார்கள். அதனால் தவக்காலம் என்றும் பாராமல் ஆட்டுக்கறி, அதன் பின் மீன், அதன் பின் பாலாடை என்று பரிமாறிக்கொண்டே இருக்கிறேன். அவன் சாமி பயம் சாப்பாட்டு மேசைவரை வருவதில்லை. வாய் நிறைய இருக்கும்போது அவனால் மோதிரப் பேச்சு எடுக்க முடிவதில்லை. என் தொழுவத்தில் இனி அறுப்பதற்கு ஆடு அதிகம் இல்லை.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். நர்போனாவில் உங்கள் தம்பி மகனுக்கு ஆறு வயது. அவன் பெயரில் பால்தா விரலில் நானே ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டால் சிசெமுந்துவால் ஒன்றும் செய்ய முடியாது. அவள் தூங்கும்போது போட்டுவிடலாம். அழுதால் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்கிற சாட்சியை நான் சொன்னால் நீங்கள் மறுபடி விதவை. மறுபடி அவன், மறுபடி மோதிரம். பேசாமல் அங்கேயே இருங்கள். நன்றி சொல்ல வேண்டாம். ஏசாமல் இருந்தால் போதும்.

தியோதா


எமெரிதா
தவக்காலம், நான்காம் வாரம்

தியோதாவுக்கு,

மடத்துத் தாய் உன் கடிதத்தை உரக்கப் படிக்கவில்லை. என் மடியில் எறிந்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அவர் முகம் சரியில்லை. மூன்றாம் நாள் என் மனுவை அவரே சபைக்கு அனுப்பிவிட்டார், முக்காடு விழுந்தால் அண்ணன் மகனுக்கு லாபம் என்று. அந்த மட்டில் உனக்கு நன்றி.

மற்றதற்கு நன்றி சொல்ல உட்கார்ந்தேன். பலமுறை எழுதிப் பார்த்துச் சுரண்டி அழித்தேன். எழுதும் தோல் கிழிந்ததுதான் மிச்சம். வரவில்லை. ஏன் வரவில்லை என்று எழுதுகிறேன்.

நீ என்னைக் காப்பாற்றினாய். அது உண்மை. அந்தக் காலையில் உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் என் காய்ச்சல் மடத்துக்கு வந்த வாரமே விட்டுவிட்டது. அதன் பிறகு நீ வந்திருக்கலாம். உப்புக்காரியிடம் காதோடு சொல்லி அனுப்பியிருக்கலாம். அண்ணி, இப்படி நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று ஒரு கேள்வி. நீ அனுப்பியது அத்திப்பழம்.

அவன் "விரல் இருக்குல்ல" என்றான். நீ தலை இருக்கிறதே என்று நினைத்தாய். நான் இருக்கிறேனா என்று நீங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று என்னைப் பங்கு போட்டீர்கள். உன் பங்கு நல்ல எண்ணத்தில் எடுத்தது என்பதற்காக அது பங்கு இல்லாமல் போகாது.

இப்போது பால்தாவுக்கும் அதையே செய்யப் போகிறேன் என்கிறாய். தூங்கும்போது போட்டுவிடலாமாம். தியோதா, அவன் உன் வீட்டில் சாப்பிட்டதில் அவனுடைய பழக்கம் உனக்கு ஒட்டிக்கொண்டதா? என் தம்பி மகன் நல்ல குழந்தை. நல்ல குழந்தையின் மோதிரமும் மோதிரம்தான். அவளை எழுப்பு. உட்கார வை. கேள்.

என்னையும் கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எனக்கு வெளியே வர வேண்டும். அவன் மறுபடி மோதிரத்தோடு வரட்டும். இந்த முறை எனக்குக் காய்ச்சல் இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமையைத்தான் நீ ரொட்டித் துணியால் மூடி வைத்திருக்கிறாய். சபையில் வந்து உண்மையைச் சொல்.

சொன்னால் உன்னை என்ன செய்வார்கள் என்பதைக் கிழச் சாமியாரிடம் கேட்டு எழுது. அதைத் தெரிந்துகொள்ளாமல் உன்னை வற்புறுத்துவது சரியில்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

குந்தசிந்தா


தொலேதோ
குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளி

அண்ணி,

பால்தாவைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா மகனைப் பற்றிச் சொன்னேன், சிசெமுந்துவைப் பற்றியும் சொன்னேன்.

"அத்தை, எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?"

"ஒன்னோட கல்யாணம். ஒன்கிட்டதான கேக்கணும்."

"இது நீங்களா யோசிச்சதா, அம்மா சொன்னதா?"

நான் ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"அம்மா சொன்னதுதான். நீங்களா இருந்தா நான் தூங்கையில மோதிரத்தப் போட்டிருப்பீங்க."

இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"எனக்கு ரெண்டு பேரும் வேண்டாம். அம்மா வரட்டும், அம்மாகூட உக்காந்து பேசிட்டு அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் அந்தாளுக்குப் பரிமாறுங்க. வேணும்னா நானும் ஒரு கரண்டி போடுறேன்" என்றாள். உங்கள் மகள்தான். சந்தேகமே இல்லை.

கிழச் சாமியாரையும் கேட்டேன். அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "கேக்காதவ தலையில முக்காடு போட்டவ, அந்த முக்காட்ட தானே சுமக்கணும்மா. பழைய சட்டம். பொய்ச் சத்தியம் வேற இருக்கு" என்றார்.

"நீங்களும்தான ஆசீர்வாதம் பண்ணுனீங்க?"

"நான் கெழவன். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றார். பிறகு அழுதார்.

ஆகவே இதுதான் நிலை. உங்கள் தலையிலிருந்து எடுத்தால் என் தலைக்கு வரும். அண்ணி, எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு என் வீடு பிடிக்கும். வெந்நீர்க் குளியல் பிடிக்கும். மேசையில் நாலு பேரைக் கிண்டல் செய்து சிரிப்பது பிடிக்கும். ஜெபத்தில் எனக்குத் தூக்கம் வரும். இதையெல்லாம் யாருக்காக விட வேண்டும்? இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி அண்ணனிடம் பேசும்போது "உங்க தங்கச்சி" என்றுதான் சொல்வீர்கள். ஒரு தரமாவது தியோதா என்று சொன்னதில்லை. அந்த மீன் முள் பேச்சுக்கு நான் மறுநாளே வருத்தப்பட்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவே மறுத்தீர்கள்.

வருகிறேன் என்று எழுத மாட்டேன். வரமாட்டேன் என்றும் எழுத மனம் வரவில்லை. உங்களைச் சபைக்கு வண்டியில் கொண்டுவருவார்கள். அங்கே நான் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தியோதா


நர்போனா, என் தம்பியின் கோட்டை
புனித யோவான் திருநாளுக்கு முன்தினம்

தியோதா,

நீ எழுந்து நின்றதைப் பார்த்தேன். பச்சை மேலாடை போட்டிருந்தாய். இனிப் போட முடியாது என்று தெரிந்தே உன்னிடம் இருப்பதில் நல்லதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. "அவங்க கேக்கல. நான் பொய் சொன்னேன்" என்று நீ சொன்ன குரல் கடைசி வரிசை வரை கேட்டது. எதற்காகச் சொன்னாய் என்று ஒரு ஆயரும் கேட்கவில்லை. நீ சொல்ல வாயெடுத்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தலையிலிருந்து எடுத்த துணியை அப்படியே உன் தலையில் போட்டு, பக்கவாசல் வழியாக உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் அடுத்து நடந்ததை நீ பார்க்கவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டும்.

கோயில் முற்றத்துக்கு நான் வந்தேன். சிசெமுந்து அங்கேயே நின்றான், அதே மோதிரத்தோடு. பிரபுக்கள், ஆயர்கள், ஊர்க் கூட்டம், எல்லோரும் இருந்தார்கள். அதுவும் அவனுக்கு வசதி என்று நினைத்திருப்பான்.

"அரசி, கையக் குடுங்க" என்றான்.

நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாம்."

"வெக்கப்படாதீங்க."

"வெக்கம் இல்ல. வேண்டாம். காதுல எண்ணெய் ஊத்தணுமா? இப்ப யாரையாவது எண்ணெய்க்கு அனுப்பு."

உன் கடிதத்தை யாரும் உரக்கப் படிக்காவிட்டாலும், நான் கிணற்றடியில் சொன்னதை உப்புக்காரி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள் போல. எண்ணெய் என்றதும் கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு பலர் சிரித்தார்கள். பெரிய பிரபு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவன் படையோடுதான் நின்றான், ஆனால் ஊரே சிரிக்கும்போது வாளை உருவி என்ன செய்வது? மோதிரத்தை மடியில் செருகிக்கொண்டு போனான். தேர்தலில் ஒரு கிழப் பிரபுவை அரசராக்கினார்கள். சிசெமுந்து இன்னும் உயிரோடுதான் இருக்கிறான், கோபத்தோடும் இருக்கிறான். அதனால்தான் பால்தாவோடு இங்கே வந்துவிட்டேன்.

அவளோடு உட்கார்ந்து பேசினேன். இப்போது யாரும் வேண்டாம் என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நோயாளியின் விரலில் எண்ணெய் தடவ வந்தவன் நடமாடுகிறான். அதைத் தடுத்தவள் கஞ்சி குடிக்கிறாள். இதைச் சட்டம் என்கிறார்கள். அறுவடைக்குப் பின் சபை மறுபடி கூடும். நான் போய், எதற்காக நீ அதைச் செய்தாய் என்பதை முழுதாகச் சொல்ல முடியும். அவர்கள் காதுகொடுத்துத்தான் ஆக வேண்டும், நான் நிறுத்த மாட்டேன். என் தம்பி வண்டிகூடத் தயார் செய்துவிட்டான்.

ஆனால் வண்டி நிற்கிறது. உன்னைக் கேட்கவில்லை. ஒருவேளை உனக்கு அங்கே நிம்மதி கிடைத்திருக்கலாம், எனக்கெப்படித் தெரியும்? நான் பேசலாமா, தியோதா? உன் பதில் வரும்வரை வண்டி நகராது.

என் பழைய கட்டிலைத் தந்திருந்தால், ஜன்னல் இடுக்கில் கம்பளி அடைத்திருக்கிறேன். அதை எடுத்துவிடாதே. காற்று நேராகக் கழுத்துக்கு வரும்.

சிந்தா


எமெரிதா, கன்னியர் மடம்
புனித லாரன்சு திருநாள்

அண்ணி,

கம்பளியைப் பார்த்தேன். நான் அனுப்பிய போர்வையிலிருந்து கிழித்தது. கிழவிகளுக்குக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள்.

நிம்மதியா? இந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டா எனக்கு அவ்வளவு நீளமான கடிதங்கள் எழுதினீர்கள்? முதல் முறையாக உங்கள்மேல் மரியாதை வருகிறது. ஜெபத்தில் நான் தூங்கிவிடுகிறேன். தாய் பௌலினா செபமாலையால் தோளில் தட்டுகிறார். அண்ணன் மகன் அரசனாகாத கோபம் முழுவதும் அந்தத் தட்டில் இருக்கிறது.

கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வாருங்கள். வந்து பேசுங்கள். ஒரு சொல் விடாமல் பேசுங்கள். கேட்காமல் வந்து நின்றிருந்தால், எனக்கு இங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லி உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருப்பேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

வரும்போது தொலேதோவில் என் வீட்டில் இறங்கி அத்திப்பழ ஜாடி ஒன்று எடுத்து வாருங்கள். இங்கே கோழிகளைப் பார்க்கிற சகோதரியிடம் விசாரித்தேன். போன தவக்காலத்துக்கு முன்னால் அவற்றுக்கு ஒரு பழம்கூட வந்து சேரவில்லையாம்.

தியோதா